வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்

தகர மேசையின் மேல் செவலைப் பூனை தண்டல் ஒருக்களித்துக் கிடக்கிறான், முன்னங்காலில் மயிர் மழித்த இடம் உரித்த கோழித்தோலாய் வெளுத்துத் தெரிகிறது, டாக்டர் பெண் அவன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, எலுமிச்சம்பழம் மாதிரிக் கெட்டியா இருக்கு பாருங்க என்கிறாள், அவன் கத்தவில்லை, கத்திக் கத்தி ஓய்ந்த வாயைப் பாதி திறந்தபடி பிரகாசியையே பார்க்கிறான், அவள் புருஷன் கஸ்பாரும் பிரகாசியையே பார்க்கிறார், நீ சொல்லுட்டி என்கிறார், எல்லாவற்றுக்கும் அவர் சொல்வது அதுதான், நெத்திலி வாங்கவா சாளை வாங்கவா, நீ சொல்லு, சுவருக்கு நீலம் அடிக்கவா பச்சை அடிக்கவா, நீ சொல்லு, அவள் சொன்னாள், வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். சொன்ன பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதில் ஏதாவது உடைய வேண்டும், கண்ணாவது ஒரு நொடி விரிய வேண்டும், ஒன்றும் நடக்கவில்லை, தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இந்தக் கிழவிக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த டாக்டர் பெண் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள், மூத்திரம் போற வழி அடைச்சிருக்கும்மா, டியூப் போட்டுப் பாத்தேன், ஏறல, இன்னைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டு போனா ஆபரேஷன் பண்ணிருவாங்க, பிழைக்கப் பாதிக்குப் பாதி வழி இருக்கு, செலவு ஆகும், இல்லைன்னு சொல்லல, அது வேண்டாம்னா ஒரு ஊசி போடுறேன், தூங்குற மாதிரி போயிரும், ரெண்டும் இல்லாம வீட்டுக்குக் கொண்டு போனீங்கன்னா துடிச்சுத்தான் சாகும். பிரகாசிக்கு எல்லாம் முதல் தடவையே விளங்கியிருந்தது. ஊசியும் வேண்டாம் என்றாள். டாக்டர் பெண் அதற்குப் பிறகு இவர்கள் பக்கம் திரும்பவில்லை, குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினாள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கஸ்பார் வேறொரு வார்த்தையைச் சொல்லியிருந்தார், செலவு எவ்வளவு ஆகும் என்று டாக்டர் பெண் சொன்னபோது, பேரம் பேசுவதில் கைதேர்ந்த மனுஷன், கீரைக்காரியிடம் கால் மணி நேரம் நிற்கிறவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல், பேங்குல கெடக்கிறத எடுத்துரலாம்ட்டி, நாம என்ன கொண்டா போகப் போறோம் என்றார். கொண்டா போகப் போறோம். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் வாயில் இல்லாத ஞானம், ஒரு பூனையின் மூத்திரப்பையில் போய் ஒளிந்திருந்திருக்கிறது. அந்த நிமிஷம்தான் அவளுக்குள் ஏதோ குளிர்ந்துபோனது, கோபம் என்றால் சூடாக இருக்கும் என்பார்கள், இது குளிர்ந்துதான் இருந்தது.

பூனைக்குத் தண்டல் என்று பெயர் வைத்தவர் அவர்தான். தோணியில் தலைவன் பெயர் தண்டல், கப்பலுக்குக் கேப்டன் மாதிரி, தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போன தோணிகளில் கஸ்பார் முடி நரைக்கும்வரை ஓடியும் தண்டல் ஆகவில்லை, எந்த முடிவும் எடுக்கத் தெரியாதவன் கையில் யார் தோணியைக் கொடுப்பார்கள், கரையேறிய பிறகு ஒருநாள் பழைய துறைமுகத்தில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கிடந்த செவலைக் குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்து, இந்தா, நம்ம வீட்டுக்குத் தண்டல் வந்துட்டாரு என்று தரையில் விட்டார். அன்றிலிருந்து அவன் சொன்னதுதான் சட்டம், அவன் எழுந்தால்தான் காப்பி, அவன் நாற்காலியை விட்டால்தான் இவருக்கு இடம், சாளையில் முள் எடுத்து, கருவாட்டில் தலை கிள்ளி, வாயில் ஊட்டாத குறை, அவனோடு பேசிய பேச்செல்லாம் பிரகாசி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ராசா என்றும் கண்ணு என்றும் ஒரு மனுஷனுக்குள் இத்தனை வார்த்தை இருந்திருக்கிறதே என்று. ஆனால் அந்தப் பயல் இருக்கிறானே, ஊட்டுகிற கையில் தின்றுவிட்டு, படுக்க மட்டும் இவளிடம் வருவான், அடுப்படியில் நின்றால் அவள் பாதத்தின் மேல் ஒரு முன்னங்காலை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பான், அதற்கு ஒரு காரணமும் இருக்காது, அவளும் காலை நகர்த்தமாட்டாள், குழம்பு அடிப்பிடித்தாலும் நகர்த்தமாட்டாள். அவளுக்கு அவன்மேல் உயிர். அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் அவள் செய்தது என்னவென்று யாருக்கும் தெரியாது.

மூன்று நாளைக்கு முன்னால் மணல் தொட்டியில் குந்தினான், எழுந்தான், மறுபடி குந்தினான், முதுகைக் கூனிக்கொண்டு முக்கினான், ஒன்றும் வரவில்லை, மூலைக்கு மூலை போய்க் குந்தினான், அடுத்த வீட்டுப் பிலோமி மதில் மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, மலக்கட்டுக்கா, கருவாடாத் திங்கிறான்லா, கொஞ்சம் வெளக்கெண்ண ஊத்துங்க, சரியாப் போவும் என்றாள், கஸ்பார் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினார். திரும்பி வந்து சீசாவின் மூடியைத் திறந்தார். வாசம் வந்தது. அந்த வீட்டில் விளக்கெண்ணெய் நுழைந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு சொட்டு இல்லை, கண் பொங்கினாலும் இல்லை, பித்தவெடிப்புக்கும் இல்லை, யாராவது தலையில் தேய்த்துக்கொண்டு வந்தால் பிரகாசி பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள், இத்தனை வருஷமாக வீட்டில் அது இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பூனையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாயப் பிடிட்டி என்றார். பிடித்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், டாக்டரிடம் காட்டுவோம் என்று சொல்லியிருக்கலாம், அவள் சொல்லவில்லை, தாடையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இதோ வாசம் மூக்கில் ஏறுகிறது, இதோ கை நடுங்கப் போகிறது, இதோ ஞாபகம் வரப் போகிறது, அவரோ கரண்டியில் சிந்தியதை விரலால் வழித்து இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, குடிச்சிட்டான், கெட்டிக்காரன் என்று சிரித்தார். மறுநாளும் ஊற்றினார், மறுநாளும் பிடித்தாள், மறுநாளும் பார்த்தாள். அடைத்துக்கொண்டு கிடந்தது வேறு வாசல் என்று இரண்டு பேருக்கும் தெரியாது, ஆனால் ஒருத்தி வைத்தியம் செய்தாள் என்றும் சொல்ல முடியாது, ஒருத்தி பரீட்சை வைத்துக்கொண்டிருந்தாள், பூனையின் வயிற்றில்.

மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும், மகள் ஜெசிந்தாவுக்கு அப்படித்தான், இரண்டு சடையும் ஆடும், கால் இரண்டும் தரையில் உதைக்கும், பெரிய பரீட்சை லீவு விட்டால் தெருவில் எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கிற வழக்கம், காலையில் காப்பியில் கலந்து விளக்கெண்ணெய், மத்தியானம் பருப்புரசம், அன்றைக்கு முழுக்கத் தெருவில் பிள்ளைகள் சத்தமே இருக்காது, ஜெசிந்தா அந்த லீவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தபோது, இன்னும் பேதிக்குக் கொடுக்கவில்லையே, அதுதான் என்று பிரகாசிக்கு முதலில் தோன்றியது, ஒரு தாய்க்குத் தோன்றக்கூடியதுதான், தெருவில் யாருக்கும் அதுதான் தோன்றியிருக்கும், ஊற்றினாள். குடல்வால் பழுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும், பழுத்த இடத்தில் பேதிக்குக் கொடுத்தால் வெடித்துவிடும் என்று யாருக்குத் தெரியும். ராத்திரி முழுக்கப் புரண்ட பிள்ளை விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, வலி போயிருச்சும்மா என்றது. சிரித்தது. ஜவ்வரிசிக் கஞ்சி கேட்டது. வெடித்த பிறகு கொஞ்ச நேரம் வலி போய்விடும் என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் பிரகாசி எண்ணெயின் மகிமை என்று பிலோமியின் அம்மாவிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள், சாயங்காலம் பிள்ளையின் வயிறு பலகையாகிவிட்டது, தொட்டால் கண் செருகியது, செவலை மயிர் மழித்த காலில், இல்லை, அது இவன், பிள்ளையின் கை, பிள்ளையின் கையில் ஊசி இறங்கிய இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது.

எண்ணெய் அவள் ஊற்றியது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, தன்னிடமும் மறைக்கவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுது, சுவாமியார் மன்னித்து, இவள் மன்னிக்காமல், அது அப்படியே கிடக்கிறது. ஆனால் மற்றது அவருடையது. ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரம், பினாயில் வாசம், தூணுக்குத் தூண் சாய்ந்து நிற்கிற ஆட்கள், டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, மதுரைக்குக் கொண்டு போங்க, இப்பமே கார் பிடிச்சிப் போங்க, போனா உண்டு என்கிறார், அது தோணிகள் ஓடாத காற்றுக்காலம், கஸ்பார் கரையில் இருந்தார், மடியில் பணம் இருந்தது, தோணி ஒன்றில் பங்கு வாங்க அன்றைக்குச் சாயங்காலம் கொடுக்க வேண்டிய பணம், அதை வைத்திருந்த இடத்தை அவர் கை தடவிக்கொண்டே இருந்தது, அவர் தரையைப் பார்த்தார், டாக்டரின் வாயைப் பார்த்தார், உதடுகள் பிரிந்தன, வீட்டுக்குக் கொண்டு போயிருவோம் என்றார். கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் கோவில் மணி அடிக்கும்போது பிள்ளை போய்விட்டாள். பங்கு வாங்கினார், அந்தத் தோணி மாலத்தீவுக்குப் பக்கத்தில் பவளப்பாரில் ஏறி உடைந்தது, அன்றைக்கு அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பிரகாசிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, வரத்தான் செய்தது. அந்த ஒரு வார்த்தையை அவள் அவரிடம் ஒருநாளும் எடுத்துப் பேசவில்லை. சோறு வைக்கும்போதெல்லாம் அதையும் தட்டில் சேர்த்துத்தான் வைத்தாள், அவர் சோற்றை மட்டும் தின்றுவிட்டுக் கை கழுவினார். அவருக்கும் அது உள்ளே கிடந்து அறுக்கும், அறுக்காமலா இருக்கும், மனுஷன்தானே என்று நம்பினாள், அந்த நம்பிக்கையில்தான் அவரோடு ஒரு வீட்டில் இருந்தாள்.

ஆட்டோவில் ஓலைக் கடகத்துக்குள் பழைய சேலையை மடித்துப் போட்டு அவனைக் கிடத்திக் கொண்டுவந்தாள். வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவன் கத்த ஆரம்பித்தான், பூனைக் கத்தல் இல்லை அது, கஸ்பார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, என்னால பாக்க முடியலட்டி, நான் கடற்கரப் பக்கம் போயிட்டு வாரேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார், அன்றைக்கும் அப்படித்தான் போனார், பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்கும்போது. பிரகாசி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் மஞ்சளாக வாந்தியெடுத்தான், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு தொட்டிக்குப் போகப் பார்த்தான், நடு வழியில் விழுந்தான், திரும்பினான், அந்தப் பயல் எங்கே வந்தான் தெரியுமா, அவளிடம், தாடையைப் பிடித்தவளிடம், வீட்டுக்குக் கொண்டு போயிருவோம் என்றவளிடம், ஊசியும் வேண்டாம் என்றவளிடம், முன்னங்கால் ஒன்றை எடுத்து அவள் பாதத்தின் மேல் வைத்தான். நான் ஒனக்குச் சொல்லலடா என்றாள். அவருக்குச் சொன்னேன்டா, ஒனக்கு இல்லடா. அவன் கத்தினான். அவள் அவருக்குக் கொடுத்த தண்டனை முழுசும் வந்து இறங்கியிருந்தது இந்த ஒரு வயிற்றில்தான், குற்றவாளி கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது, பயம் வந்து எழுந்தாள், போனை எடுத்து டாக்டர் பெண்ணுக்கு அடித்தாள், ஊசியாவது போட்டுவிடட்டும், மணி அடித்துக்கொண்டே இருந்தது, மத்தியானத்தில் பூட்டிவிட்டுச் சாயங்காலம்தான் திறப்பார்கள், மறுபடி அடித்தாள், மறுபடி, பிலோமியைக் கூப்பிட்டு ஆட்டோ சொல்லச் சொன்னாள், திருநெல்வேலிக்கே போவோம் என்றாள், கடகத்தில் அவனை வைக்கக் குனிந்தபோது அவன் சத்தம் நின்றிருந்தது. உடம்பு தளர்ந்திருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான், சாந்தமாக, தேறிவிட்டவன் போல. நல்லாயிட்டானேக்கா என்றாள் பிலோமி. பிரகாசிக்கு அந்தச் சாந்தத்தைத் தெரியும். வலி போயிருச்சும்மா. ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டு, அவனை மடியில் போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள், வெளிச்சம் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது, மடி கனத்தது, சடை ஆடியது, ஈரமான செவலை மயிர் விரலில் ஒட்டியது, எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கஸ்பார் வந்து பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். முருங்கைக்குப் பக்கத்தில் அவரே குழி வெட்டினார், துண்டில் சுற்றி அவரே இறக்கினார், மண்ணைத் தள்ளிவிட்டுக் கையைக்கூடத் தட்டாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார், அவள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு முடிவோடுதான் கொடுத்தாள், இனி ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை, அவன் செத்ததற்காவது ஒரு பிரயோசனம் இருக்க வேண்டும், முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும். இன்னைக்கு நான் ஆஸ்பத்திரில சொன்ன வார்த்தை ஒங்களுக்கு எதையாவது ஞாபகப்படுத்துச்சா என்று கேட்டாள். அவர் காப்பியை ஊதினார். பிள்ளையத்தான் நெனச்சேன் என்றார். முப்பது வருஷம் காத்திருந்த கதவு அது, இவ்வளவு லேசாகத் திறந்துவிட்டது. அவர் குழியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், குரலில் குத்தல் இல்லை, ஒரு துளி இல்லை. அன்னைக்கும் நீதான சொன்ன. எனக்கு ஒண்ணும் ஓடல, ரூபா மடியில இருக்கு, டாக்டர் வாயப் பாத்துக்கிட்டு நிக்கேன், ஒன்னத்தான் கேட்டேன், நீ சொல்லுட்டின்னு. நீதான் சொன்ன, வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்னு. பெத்தவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எண்ண குடுத்ததையும் கேட்டதில்ல, இதையும் கேட்டதில்ல, ஒருநாளாவது ஒரு சொல் சொல்லியிருக்கனா? என் பொண்டாட்டி ஏற்கெனவே செத்துச் சுண்ணாம்பாக் கெடக்கா, அவள நான் என்ன கேக்கதுன்னு விட்டுட்டேன். இன்னைக்கும் நீ சொன்னதுதான் சரி, எனக்குத் தைரியம் பத்தாது.

பொய் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவர் பொய் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை, அதற்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் தோளில் கையை ஊன்றி எழுந்து, தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார், இத்தனை வருஷமும் அவர் அவளை மன்னித்துக்கொண்டு இருந்திருக்கிறார், ஒவ்வொரு வேளையும் அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே. பிரகாசி முருங்கையடியில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் அந்தத் தாழ்வாரத்துக்குப் போனாள், அவளுக்கு அந்த இடம் தெரியும், தூணும் தெரியும், பினாயிலும் தெரியும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார், மதுரைக்குக் கொண்டு போங்க என்கிறார், கஸ்பாரின் கை மடியைத் தடவுகிறது, உதடுகள் பிரிகின்றன, வீட்டுக்குக் கொண்டு போயிருவோம், வார்த்தை வந்துவிட்டது, குரல் பொம்பளைக் குரல், தகர மேசைக்கு முன்னால் நின்று இன்று காலையில் சொன்னதே அந்தக் குரல். இன்றைக்குச் சொன்னது போய் அங்கே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், திரும்பத் தாழ்வாரத்தின் முதல் தூணுக்குப் போனாள், பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், ஒவ்வொன்றாகப் பார்த்தபடி மறுபடியும் நடந்து வந்தாள், டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், கஸ்பார் தரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், இந்தத் தடவை அவர் உதடுகள் அசையவே இல்லை.